‘இதை நம்பலாமா?’ என்று அதிகாரி கேட்டால்

என்னிடம் படித்துப் பேராசிரியர்களான நீங்கள் நான்கு பேரும் ஓர் அரசு அலுவலகத்தின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன, அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்குப் புரியவைக்கும் வேலை. வாழ்த்துச் சொல்லி நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழைய கலக்கம் வந்துவிட்டது. அதனால் வாழ்த்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். “நீ கோயிலுக்குள்ள போனாலும் வெளிய விட்ட செருப்பத்தான் கும்பிட்டுட்டு வருவ” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். முப்பது வருஷத்துக்கு மேல் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பயம் என் தொழிலுக்கு நன்றாகவே உதவியது. உதவாமல் போனது ஒரு தடவை, ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால். பயப்பட வேண்டிய நேரத்தில் நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகம். எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை. தப்பு என்னுடையது, அவர்களை ஏன் இழுக்க வேண்டும்? அங்கே திங்கட்கிழமைதோறும் மனு வாங்குவார்கள். குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பாதையை மறித்துவிட்டார்கள் என்று கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். மனுக்கள் கட்டுக்கட்டாகச் சேரும். அவற்றைப் பிரித்து அனுப்ப இருந்தவர்கள் இரண்டே பேர். இதற்காக ஒரு தனியார் நிறுவனம் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. மனுவை ஸ்கேன் செய்தால் போதும். எழுத்தைப் படித்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடும். அதோடு இன்னொரு வேலையும் செய்யும். ஒரே குறைக்குத் திரும்பத் திரும்ப மனு கொடுப்பவர்கள் உண்டல்லவா? அப்படிப்பட்ட மனுவைக் கண்டுபிடித்து, பழைய மனுவுக்குக் கொடுத்த பதிலோடு சேர்த்து, தானே முடித்து வைத்துவிடும். மனு கொடுத்தவரின் செல்போனுக்கு ஒரு செய்தி போகும்: ‘தங்கள் மனுவின் மீது தீர்வு காணப்பட்டது.’

சோதனை ஓட்டத்துக்கு விடுவதற்கு முன்னால், வெளியிலிருந்து ஒரு நிபுணரின் கருத்துரை வேண்டும் என்றார்கள். அந்த நிபுணர் நான்.

அலுவலகத் தலைவருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர். மேசையில் இரண்டு போன், இரண்டும் ஓயாது. அவர் அறையில் திரை போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். இயந்திரம் எப்படி எழுத்தைப் படிக்கிறது, எப்படிச் சொற்களை எண்களாக்குகிறது, எப்படி இரண்டு மனுக்களை ஒப்பிடுகிறது என்று படம் படமாகக் காட்டினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மேடம், எல்லாம் சரிங்க. இத நான் நம்பலாமா?”

“சோதனையில ரொம்ப நல்லா வந்திருக்குங்க சார். தப்பு ரொம்ப கம்மி.”

அவர் தலையாட்டினார். நானும் மடிக்கணினியை மூடிவிட்டு, கொண்டுவந்த காபியைக் குடித்தேன்.

அவர் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் தன் நாற்காலியில் இருந்துகொண்டு கேட்டார்: இது தப்புச் செய்தால் யார் மாட்டிக்கொள்வார்கள், எனக்கு எப்படித் தெரியவரும், தெரிந்த பிறகு நான் என்ன செய்ய முடியும்? இத்தனையும் அந்த ‘நம்பலாமா’வுக்குள் இருந்தது. நான் வகுப்பறையில் மதிப்பெண் சொல்வதுபோல் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். அதிகாரிகள் நம்மிடம் ஒரே வார்த்தையில்தான் கேட்பார்கள், அவர்களுக்கு நேரம் இல்லை. அதைப் பிரித்துப் பிரித்துப் பதில் சொல்ல வேண்டியது நாம். தயவுசெய்து அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட மனுக்கள் எல்லாம் இணையம் வழியாக வந்தவை. டைப் அடித்தவை, ஒரே நாளில் பென் டிரைவில் கைக்கு வந்தவை. திங்கட்கிழமை மனுக்கள் பதிவறையில் நாடா போட்டுக் கட்டி அடுக்கியிருந்தன. எனக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சாக்கு. அதிலிருந்து கொஞ்சம் மனுக்களை மட்டும் எடுத்துவரச் சொல்லி, கையால் எழுதியதை இயந்திரம் சரியாகப் படிக்கிறதா என்று பார்த்தேன். படித்தது. என்ன படித்தது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. கருத்துரையின் அடியில் பெயர், பட்டம், துறை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் சோதனை ஓட்டம் நடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டைமூட்டையாய்த் தேங்கியிருந்த மனுக்கள் குறைந்தன. சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து, மாவட்டம் முழுவதற்கும் இதைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடாயிற்று. விழா திங்கட்கிழமை. நானும் ஐந்து நிமிஷம் பேச வேண்டும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. காலையில் என் பேச்சை நகல் எடுக்க அந்த அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கடையை ஒட்டி நான்கு மேசைகள் போட்டு மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் மேசைக்காரர் பெயர் தரணேந்திரன். வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பம், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுதி முடித்ததைத் தரணேந்திரன் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

“...எங்கள் தெருவில் மின்விளக்கு எரியாதது குறித்து ஏற்கெனவே பலமுறை மனு அளித்தும், இதுநாள் வரை எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை...”

“ஐயா, நான் இதுக்கு முன்னாடி குடுக்கவே இல்லீங்களே. இதான் மொத தபா.”

“தெரியும்மா. அப்பிடிப் போட்டாத்தான் உள்ள இருக்கறவங்க எடுத்துப் பாப்பாங்க. நீ கைநாட்டு வெய்யி.”

நகல் எடுத்த தாள்கள் என் கையில் சூடாக இருந்தன. அவற்றோடேயே தரணேந்திரனிடம் போனேன்.

“ஐயா, இந்த ‘பலமுறை மனு அளித்தும்’ங்கறத எப்பவாவது போடுவீங்களா, எல்லாத்துலயும் போடுவீங்களா?”

“எல்லாத்துலயும்தாங்க மேடம். இருவத்தஞ்சு வருஷமா எழுதறேன். மொத தடவன்னு எழுதினா, மொத தடவதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வெச்சிடுவாங்க. இங்க இருக்கற நாலு டேபிள்லயும் அப்பிடித்தான்.”

நான் சோதித்த இணைய மனுக்களில் அந்த வரி அபூர்வம். சொன்னவர்கள் உண்மையாகவே பலமுறை கொடுத்தவர்கள். இயந்திரத்தையும் அதே மாதிரி மனுக்களை வைத்துத்தான் பழக்கியிருந்தார்கள். அதனால் அது அந்த வரியைக் கண்டால் இது பழைய மனு என்று முடிவு கட்டக் கற்றிருந்தது. அது சரியாகச் செய்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் நான். திங்கட்கிழமை பஸ் பிடித்து வந்து, எழுதத் தெரியாமல் தரணேந்திரனிடம் எழுதி வாங்கி, வரிசையில் நின்று கொடுத்த மனு ஒவ்வொன்றிலும் அந்த வரி இருந்திருக்கும்.

நேராகப் பதிவறைக்குப் போனேன். பாதிப் பேர் பௌர்ணமி டியூட்டிக்குக் கிரிவலப் பாதைக்குப் போயிருந்தார்கள். கண்காணிப்பாளர் அம்மா மட்டும் இருந்தார். இயந்திரம் தானே முடித்து வைத்த மனுக்களைக் கேட்டேன். நாடாவை அவிழ்த்து அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். பலமுறை மனு அளித்தும். பலமுறை மனு அளித்தும். எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். சிலது நிஜமாகவே பழைய மனு. சிலது எதுவென்றே தெரியவில்லை. தெருவிளக்கு, சாக்கடை, பாதைத் தகராறு. நடுவே ஒன்று.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூர். அங்கன்வாடி உதவியாளர் செல்வி கொடுத்த மனு. அங்கன்வாடியை ஒட்டி நிற்கும் குடிநீர் மேல்தொட்டியின் தூண்கள் வெடித்துக் கம்பி தெரிகிறது, எப்போது வேண்டுமானாலும் விழும், குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. பலமுறை மனு அளித்தும் நடவடிக்கை இல்லை. இதை இயந்திரம் அதே ஊரிலிருந்து வேறொருவர் கொடுத்த பழைய மனுவோடு சேர்த்திருந்தது. அந்தப் பழைய மனு, தொட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டது. சுத்தம் செய்தாகிவிட்டது என்று பதிலும் போயிருந்தது. அதே ஊர், அதே தொட்டி, அதே வரி. முடிந்தது. செல்வியின் மனு வந்த திங்கட்கிழமையே முடித்து வைக்கப்பட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்த மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளருக்குப் போன் போட்டேன். அவர் பதறவில்லை.

“மேடம், ஒண்ணு ரெண்டு கேஸ வெச்சி முடிவு பண்ணக் கூடாதுன்னு நீங்களே மீட்டிங்ல சொன்னீங்களே. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறோம். திங்கக்கிழமை நல்லபடியா முடியட்டுங்க.”

நான் சொன்னதுதான். வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்வேன். அதை அவர் என்னிடமே திருப்பிச் சொன்னதும் போனை வைத்தேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் அம்மாவும் மெதுவாகச் சொன்னார்:

“விழா முடிஞ்ச பிற்பாடு சார்கிட்ட பக்குவமா சொல்லிக்கலாமே மேடம். இப்ப சொன்னா உங்க பேரும்தானே...”

உங்களிடம் எதற்கு மறைக்க? எனக்கும் அந்த ஆசை இருந்தது. மூன்றே நாள். பதினோரு நாள் விழாத தொட்டி இன்னும் மூன்று நாளிலா விழப்போகிறது? அந்தக் கணக்கை என் மனசு எனக்குத் தெரியாமலேயே போட்டுப் பார்த்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்ததற்குத் தைரியம் காரணம் இல்லை. வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கும் அதே புத்திதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நிம்மதி என்று தோன்றியது.

பௌர்ணமி என்பதால் கிரிவலப் பாதையில் வண்டி விடவில்லை. ஆட்டோக்காரர் வயல்வெளி வழியாகச் சுற்றி அழைத்துப்போனார். ஊருக்குள் நுழைந்ததுமே தொட்டி தெரிந்தது. நான்கு தூண்களில் இரண்டில் சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பாய்த் தெரிந்தது. தொட்டிக்கு அடியில் நல்ல நிழல். அந்த நிழலில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

செல்வி முப்பது வயதுப் பெண். சமையல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

“இன்னாங்க மேடம், ஆபீசருங்களா?”

“ஆபீசர் இல்லம்மா, காலேஜ். குழந்தைங்கள மொதல்ல உள்ள கூட்டிட்டுப் போங்க. இந்தப் பக்கம் வேணாம், அந்தக் கடைசிக்குக் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம்.”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்து, மற்றவர்களை அதட்டி உள்ளே ஓட்டினார்.

நான் மட்டும் தூண் அருகே நின்றேன். அப்போது ஒரு கெட்ட சந்தேகம் வந்தது. நிஜமாகவே பயம் இருந்தால் இந்தப் பெண் குழந்தைகளை இங்கே விளையாட விடுவாளா? ‘பலமுறை’ என்பது தரணேந்திரன் சேர்த்த வரி என்றால், ‘உயிருக்கு ஆபத்து’ என்பதும் அவர் சேர்த்த வரியாக இருக்கலாமே? இதை நம்பி விழாவைக் கெடுத்து, நாளை இன்ஜினியர் வந்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? ஓய்வு பெறும் நேரத்தில் ஊர் சிரிக்கும். தூணில் கை வைத்தேன். உள்ளங்கை அளவு சிமெண்ட் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது வேறு படிப்பு.

அலுவலகத் தலைவரின் இரண்டு போனுக்கும் மாறி மாறி அடித்தேன். எடுக்கவில்லை. அவருக்கும் பௌர்ணமி டியூட்டி. கண்காணிப்பாளர் அம்மாவைக் கேட்டதில், செங்கம் சாலைப் பக்கம் உதவி மையத்தில் இருக்கிறார் என்றார். அங்கே போக வேண்டுமானால் கிரிவலப் பாதையில் நடந்துதான் போக வேண்டும், அதுவும் கூட்டத்துக்கு எதிராக. மணி மூன்று. வெயில் தாழவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு மலையை வலமாகச் சுற்றி வந்துகொண்டிருக்க, நான் ஒருத்தி எதிரே போனேன்.

“யம்மா, எதுருல வரக் கூடாதும்மா. திரும்பிப் போம்மா” என்று ஒருவர் திட்டினார். இன்னொரு பெண்மணி என் கையைப் பிடித்து, “வழி தெரியலியாம்மா, காணாமப் போயிட்டியா?” என்று அக்கறையாகக் கேட்டார். “இல்லீங்க” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். வியர்வையில் சேலை ஒட்டிக்கொண்டது. நடக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு. அங்கே போய் என்ன சொல்வது? திரையில் படம் போட்டு விளக்க முடியாது. முக்கால் மணி நேரம் கிடைக்காது. இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது.

உதவி மையத்தில் ஒலிபெருக்கி காணாமல் போனவர்களின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. அலுவலகத் தலைவர் நாற்காலியில் கூட உட்காராமல் நின்று வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

“மேடம்? இங்க என்ன பண்றீங்க? தண்ணி குடிங்க மொதல்ல.”

“சார், உங்க ஆபீஸ்ல ஒரு கிளார்க் இருக்காருன்னு வெச்சிக்குங்க. மனுவ முழுசாப் படிக்காம, ஒரே ஒரு வரியப் பாத்துட்டு, ‘பழைய மனு’ன்னு எழுதி மூடிடறாரு. தெனம் அப்பிடியே பண்றாரு. தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“மெமோ குடுப்பேன். பதில் சரியில்லன்னா சஸ்பெண்ட் பண்ணுவேன். யாரு அது?”

“அந்த மென்பொருள் சார். ரெண்டு மாசமா அதான் பண்ணிட்டிருக்கு. அதுக்கு யார் பேர்ல மெமோ குடுப்பீங்க?”

அவர் வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்தார். தரணேந்திரனின் வரியைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் நான் சொல்லி முடிக்கும் வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் படம் காட்டியபோது புரியாதது அந்த ஒரு மெமோவில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. மெமோ என்பது அவருடைய பாஷை. ஒரு தப்பு நடந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், ஒரு பதில் வர வேண்டும், அடுத்த முறை அந்த ஆள் பயந்து வேலை செய்ய வேண்டும். இங்கே பயப்படுவதற்கு ஆளே இல்லை. நீங்கள் அவர்களிடம் பேசும்போது அவர்களுடைய அன்றாட வேலையிலிருந்து சொல்லெடுங்கள். நம் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

“தொட்டி விழுமா மேடம்?”

“தெரியாதுங்க சார். நான் இன்ஜினியர் இல்ல.”

“மூடின மனுல இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்கும்?”

“அதுவும் தெரியாதுங்க சார். தெரியாதுன்னு சொல்லத்தான் நடந்து வந்தேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். “திங்கக்கிழமை சென்னையிலருந்து வராங்க மேடம். பத்திரிகை அடிச்சாச்சு. நான் இன்னான்னு சொல்றது? நிபுணர் கருத்துரை இருக்குதே.”

“அத நான் திரும்ப வாங்கிக்கறேன் சார். மெமோ குடுக்கணும்னா என் பேர்ல குடுங்க. கையெழுத்து என்னுது.”

மேசை மேல் கிடந்த டியூட்டி பட்டியலின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதினேன். அதற்குமுன் நான் எழுதிய கருத்துரை பதினான்கு பக்கம். இது ஆறே வரி. இந்த மென்பொருள் எந்த மனுவையும் தானாக முடித்து வைக்கக் கூடாது, முன்பு நான் கொடுத்த கருத்துரை தவறானது, கையால் எழுதிய மனுக்களை நான் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ‘நான் படித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதினேன். அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் அங்கே நிற்கும்போதே இன்ஜினியருக்குப் போன் போட்டார். பௌர்ணமி சார், ஆள் இல்லை என்று மறுமுனையில் ஏதோ சொன்னார்கள் போலிருக்கிறது. “விழுந்தா நீங்க வந்து பதில் சொல்றீங்களா?” என்று ஒரு சத்தம் போட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் தொட்டியில் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலி செய்தார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்த இன்ஜினியர், “தண்ணியோட ஒரு நல்ல மழை வந்திருந்தா கதை முடிஞ்சிருக்குங்க” என்றாராம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதிவறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். கண்காணிப்பாளர் அம்மா, நான், தரணேந்திரன். அவரைக் கூப்பிடலாம் என்றதும் அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தக் கட்டுகளை அவரைவிட வேகமாகப் பிரிக்க யாராலும் முடியவில்லை. “இது என் எழுத்து, இது மொத தபாதான். இது நாலாவது டேபிள்காரர் எழுத்து, இவங்க நெஜமாவே மூணு தபா வந்தாங்க, எனக்குத் தெரியும்” என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமலே கேட்டார்: “என் வரியாலதானே மேடம் இவ்ளோவும்?”

“உங்க வரியால இல்லீங்க ஐயா. நீங்க அத யாருக்குப் புரியணும்னு எழுதினீங்களோ அவங்களுக்குப் புரிஞ்சிது. நான்தான் உங்க மேசைக்கு வந்து கேக்கல.”

நாலடி தூரத்தில் அவர் இருந்தார். நான் இரண்டு மாதம் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். உங்கள் குழுவில் பேராசிரியர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். அந்தத் துறையின் தாள்களைக் கையால் எழுதுபவர், வாங்குபவர், முத்திரை குத்துபவர் யாராவது ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் நீங்களே போய் அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள்.

திங்கட்கிழமை விழா நடந்தது. பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை. இயந்திரம் மனுக்களைப் பிரிவு வாரியாகப் பிரித்துக் கொடுக்கும், முடித்து வைப்பது மனிதர்கள்தான் என்று அலுவலகத் தலைவர் சொன்னார். சென்னையிலிருந்து வந்தவர்களில் ஒருவர், “அப்ப இதுல புதுசா என்ன இருக்கு?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அலுவலகத் தலைவர் சிரித்துச் சமாளித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு என்ன விலையாயிற்று என்று எனக்குத் தெரியாது. எனக்கு மெமோ வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தொட்டியை இடித்து அள்ளிய பிறகு ஒரு நாள் அந்த ஊருக்குப் போனேன். தொட்டி நின்ற இடம் வெட்டவெளியாக இருந்தது. செல்வி டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். மனுவைக் கண்டுபிடித்த மேடம் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் பெரிய உபசாரம். எனக்குத் தூணருகே நின்றபோது வந்த சந்தேகம் உள்ளேயே கிடந்தது. கேட்டுவிட்டேன்.

“தூண் மோசமா இருக்குன்னு நீங்கதானேம்மா மனு குடுத்தீங்க? அப்பறம் ஏம்மா குழந்தைங்கள அது கீழயே வெளையாட விட்டீங்க?”

“அய்யோ, மொதல்ல உடலிங்க மேடம். கருவேல முள்ள வெட்டியாந்து சுத்திப் போட்டு வெச்சிருந்தேன். ஒரு கொழந்த கிட்ட போவாது. மனு குடுத்தன்னிக்கு சாயங்காலமே கவர்மெண்ட்லருந்து மெசேஜ் வந்துடுச்சு, தீர்வு காணப்பட்டதுன்னு. சரி, யாரோ ஆபீசர் வந்து பாத்துட்டு ஒண்ணும் பயமில்லன்னு எழுதிட்டாங்க போலன்னு நெனச்சிட்டேன். படிச்சவங்க பாத்து சொல்றாங்க, நமக்கு இன்னா தெரியும்? நான்தாங்க மேடம் அந்த முள்ள எடுத்துப் போட்டேன்.”

அந்தச் செய்தி போனதிலிருந்து நான் போய்ப் பார்த்த வெள்ளிக்கிழமை வரை பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் குழந்தைகள் அந்தத் தொட்டிக்குக் கீழே விளையாடியது என் கையெழுத்தை நம்பி. அதை அவரிடம் சொன்னேன். எந்த ஆபீசரும் வந்து பார்க்கவில்லை, பார்க்காமலேயே அப்படி ஒரு செய்தி போகலாம் என்று எழுதிக்கொடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

செல்வி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, குழந்தைகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். கதவு திறக்கவில்லை.